ட்ரெஃபோ: பிள்ளை வளர்க்கறதுக்கு பழைய கிரேக்கத்துல இருக்கற வினைச்சொல்

நீங்க கேட்டது ரெண்டு விஷயம். எபேசியர் 6:4-ல தகப்பன்மாருக்குச் சொல்ற இடத்துல "வளர்ப்பீர்களாக"ன்னு தமிழ் பைபிள்ல வருதே, கிரேக்க மூலத்துல அங்க என்ன வினை இருக்கு, உங்க சபையில ஒருத்தர் சொன்ன மாதிரி அதுக்கு "அடிச்சுத் திருத்தி வளர்க்கறது"ன்னு அர்த்தமான்னு ஒண்ணு. அதே வினைக்கு அகராதியில "பால் உறைய வைக்கறது"ன்னும் போட்டிருக்கே, பிள்ளைக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்னு இன்னொண்ணு. ரெண்டுக்கும் சேர்த்தே எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஏன்னா பழைய கிரேக்கத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச வினைகள்ல இது ஒண்ணு, இதைப் பிடிச்சுக்கிட்டே போனா அந்த ஜனங்க பெத்தவங்களையும் வளர்த்தவங்களையும் பத்தி என்னெல்லாம் நினைச்சாங்கன்னு பாதி தெரிஞ்சிடும்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இல்லை. அடிக்கறது, திருத்தறதுங்கற அர்த்தம் அந்த வினையில இல்லை. அங்க இருக்கற சொல் எக்ட்ரெஃபோ. ட்ரெஃபோங்கற அடிப்படை வினைக்கு முன்னாடி "எக்" சேர்ந்தது. ட்ரெஃபோன்னா ஊட்டி வளர்க்கறது, "எக்" சேர்ந்தா அதை முழுசா, முடியற வரைக்கும் செய்யறது. நம்ம பேச்சுல "வளர்த்து ஆளாக்குனாங்க"ன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதேதான்.

அப்போ சிட்சைங்கறது எங்கிருந்து வருதுன்னா அது அடுத்து வர்ற சொல், பைடேயா. அதுக்கு அப்புறம் போதனைங்கறதுக்கு நுதெசியா. பைடேயாவுல கண்டிப்பு உண்டு, அதை நான் மறுக்கல, ஆனா அந்த வாக்கியத்தோட இலக்கணத்தைப் பாருங்க, தகப்பன்மாருக்குப் போடற கட்டளை "ஆளாக்குங்க"ங்கறதுதான், சிட்சையும் போதனையும் அந்த வளர்ப்பு நடக்கற சூழல் மாதிரி "இதுக்குள்ள வெச்சு"ன்னு பின்னாடி வருது. அதுக்கும் முன்னாடியே "கோபப்படுத்தாதீங்க"ன்னு ஒரு தடை வேற. பிரசங்கத்துல சிட்சைய மட்டும் தூக்கிப் பிடிச்சுட்டு முக்கியமான வினைய விட்டுடறது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

இன்னொரு சாட்சியும் பக்கத்துலயே இருக்கு. எக்ட்ரெஃபோங்கற வினை புதிய ஏற்பாடு முழுக்க தேடினாலும் ரெண்டே இடத்துலதான் வருது, ரெண்டும் எபேசியர்லயே. ஒண்ணு இந்த 6:4, இன்னொண்ணு சில வசனம் முன்னாடி 5:29. அங்க ஒவ்வொருத்தனும் தன் சொந்த உடம்பை எப்படிப் பார்த்துக்கறான்னு சொல்ல இந்த வினைதான் வருது, தமிழ்ல அதை "போஷித்து"ன்னு மொழிபெயர்த்திருக்காங்க, அதனால ரெண்டும் ஒரே சொல்லுன்னு தமிழ்ல படிக்கறவங்களுக்குத் தெரிய வழியில்லாம போச்சு. அங்க கூடவே வர்ற வினை தால்போ, கதகதப்பா அணைச்சு வெச்சுக்கறதுன்னு பொருள். இந்த தால்போ இன்னொரு இடத்துலயும் வருது, 1 தெசலோனிக்கேயர் 2:7-ல, ட்ரோஃபோஸ் தன் பிள்ளைகள அணைச்சுப் பார்த்துக்கற மாதிரி நாங்க உங்ககிட்ட இருந்தோம்னு பவுல் எழுதற இடம். ட்ரோஃபோஸ்னா ட்ரெஃபோ செய்யறவங்க, அதாவது பால் கொடுத்து வளர்க்கற தாதி. ரோமச் சட்டப்படி தகப்பனுக்குப் பிள்ளை மேல பயங்கர அதிகாரம் இருந்த காலம் அது. கிரேக்கத்துல அப்பாவுக்கும் ட்ரெஃபோ வினை சாதாரணமா வரும்தான், இருந்தாலும் உடம்பு, போஷிப்பு, அணைப்புன்னு பேசிட்டு வந்த கையோட அதே வினைய எடுத்து தகப்பன்மார்கிட்ட கொடுக்கறது சும்மா நடந்ததா எனக்குத் தோணல.

இந்தக் குடும்பத்துச் சொற்கள் சுவிசேஷத்துல வேற இடத்துலயும் இருக்கு. ஆகாயத்துப் பறவைகளுக்குப் பரமபிதா பிழைப்பூட்டறாருன்னு மத்தேயு 6:26-ல வர்றது ட்ரெஃபோ. இயேசு "தாம் வளர்ந்த" நாசரேத்துக்கு வந்தார்னு லூக்கா 4:16 சொல்றதும் இதே வினையோட செயப்பாட்டு வடிவம்தான்.

அகராதியில தேடறப்போ ஒரு சிக்கல் வரும், அதை வேகமா சொல்லிட்டுப் போயிடறேன். நிகழ்காலம் ட்ரெஃபோ, எதிர்காலம் த்ரெப்ஸோ, இறந்தகாலம் எத்ரெப்ஸா. முதல் எழுத்து ஏன் ட-வும் த-வுமா மாறுதுன்னு புதுசா படிக்கறவங்க எல்லாரும் குழம்புவாங்க. வேர்ச்சொல்லுல ரெண்டு மூச்செழுத்து, அதாவது ரெண்டு எழுத்தும் காத்தோட சேர்ந்து வர்ற ஒலி. அடுத்தடுத்த அசையில அப்படி ரெண்டு வந்தா கிரேக்கம் முதல் எழுத்தோட காத்தைப் பிடுங்கிடும், அதனால ட்ரெஃபோ. எதிர்காலத்துல ஸ வந்து ஒட்டறப்போ ரெண்டாவது எழுத்து தன் காத்தை இழந்துடுது, அதனால முதல் எழுத்துக்குப் பழைய காத்து தப்பிச்சுடுது, த்ரெப்ஸோ. சமஸ்கிருதத்துலயும் இதே மாதிரி நடக்கும், இதை 1863-ல விளக்கி எழுதினவர் ஹெர்மன் கிராஸ்மன், கணிதத்துல லீனியர் ஆல்ஜீப்ராவுக்கு அடிப்படை போட்ட அதே கிராஸ்மன்.

இப்போ பால். ஹோமர்ங்கற பழைய கிரேக்கக் கவிஞரோட ஒடிசி காவியத்துல, 9-வது காண்டத்துல ஒத்தக்கண் ராட்சசன் பாலிஃபீமஸ் குகைக்குத் திரும்பி வந்து ஆடுகளை ஒவ்வொண்ணா கறக்கறான், ஒடிசியஸும் அவன் ஆட்களும் உள்ள ஒளிஞ்சுக்கிட்டுப் பார்க்கறாங்க. கறந்த வெள்ளைப் பால்ல பாதியை உறைய வெச்சு, திரட்டி, பின்னின கூடைகள்ல போட்டு வைக்கறான், மீதிப் பாதிய ராத்திரி குடிக்கறதுக்குப் பாத்திரத்துல வைக்கறான். அந்த "உறைய வெச்சு"ங்கற இடத்துல ஹோமர் போட்டிருக்கற சொல் த்ரெப்ஸாஸ், ட்ரெஃபோவோட இறந்தகால எச்சம். தெளிவா சீஸ் செய்யற வேலை. ஹோமரோட இன்னொரு காவியமான இலியத்துல, 5-வது காண்டத்துல காயம்பட்ட போர்க்கடவுள் ஏரஸோட புண்ணு எவ்வளவு சீக்கிரம் மூடுச்சுன்னு சொல்ல, அத்திப்பால் விட்டுக் கலக்கினதும் வெள்ளைப் பால் சட்டுனு திரண்டு உறையற மாதிரின்னு வரும், அங்கயும் இந்த வினைதான். ஒடிசி 14-ல ராத்திரி பதுங்கிக் கிடக்கற வீரர்களோட கேடயத்தைச் சுத்திப் பனி உறைஞ்சதுக்கும், 23-ல கப்பல் உடைஞ்சு நீந்திக் கரையேறினவங்க உடம்புல உப்பு கெட்டியா படிஞ்சதுக்கும் இதே சொல்.

அப்போ ரெண்டு தனித்தனிச் சொல் தற்செயலா ஒரே மாதிரி ஆயிடுச்சான்னு கேட்டா, அப்படி வெச்சுக்கத் தேவையில்லைன்னு பிரெஞ்சு மொழியியல் அறிஞர் எமில் பென்வெனிஸ்ட் 1954-ல ஒரு கட்டுரையில காட்டினார். அவர் சொல்றது இதுதான்: வளர்றதுக்கான இயல்பு உள்ள ஒரு பொருள், அது எந்த நிலைக்குப் போக முயலுதோ அந்த நிலைக்குப் போய்ச் சேர உதவறதுதான் ட்ரெஃபோ. வீட்டுல தயிருக்கு உறை ஊத்தறவங்களுக்கு இது உடனே புரியும், நாம மோர் ஊத்தி கதகதப்பான இடத்துல மூடி வைக்கறதோட சரி, கெட்டியாகறது பாலோட வேலை, கையால பிடிச்சு யாரும் தயிர் செய்யறதில்லை. பிள்ளை விஷயத்துலயும் கிரேக்கக் காது அதைத்தான் கேட்டிருக்கு. சோறு போடறது இதுல ஒரு பகுதி, ரொம்பப் பெரிய பகுதி, ஆனா அந்தச் சோறு ஒரு உருவத்தை நோக்கிப் போகுதுங்கறது வினைக்குள்ளயே இருக்கு. அதனால "இது உணவா, ஒழுக்கமா"ன்னு பிரிச்சுக் கேக்கற கேள்விக்கே இந்த வினையில இடம் கம்மி.

ஹோமர்ல இது செடிக்கும் போகும், மண்ணுக்கும் போகும். இலியத் 18-ல அக்கிலீஸ் சாகப்போறான்னு தெரிஞ்ச அம்மா தெட்டிஸ், தோட்டத்து மேட்டுல ஒரு கன்னை வளர்க்கற மாதிரி வளர்த்தேன், கப்பல்ல ஏத்தி ட்ராய்க்கு அனுப்பினேன், இனிமே அவன் வீட்டுக்குத் திரும்பி வர்றதை நான் பார்க்கமாட்டேன்னு அழறா. பிள்ளை இன்னும் உயிரோட இருக்கறப்பவே பாடற ஒப்பாரி அது. ஒடிசி 9-ல ஒடிசியஸ் தன் ஊர் இதாக்காவைப் பத்திச் சொல்றப்போ, கரடுமுரடான தீவு, ஆனா நல்ல குரோட்ரோஃபோஸ்ங்கறான், இளைஞர்கள வளர்த்து ஆளாக்கற மண்ணுன்னு அர்த்தம். பாறையா கிடக்கற ஊருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது.

ஆனா பிள்ளை வளர்ப்போட நிஜமான நாத்தமும் தூக்கமின்மையும் தெரியணும்னா ஹோமரை விட்டுட்டு ஈஸ்கிலஸ்கிட்ட போகணும். கிமு 458-ல ஏதென்ஸ்ல அரங்கேறின ஒரெஸ்தையா நாடக வரிசையில ரெண்டாவது நாடகத்துல கிலிஸ்ஸான்னு ஒரு வயசான தாதி வருவா, பேருக்கே கிலிக்கியா நாட்டுப் பொண்ணுன்னுதான் அர்த்தம். அப்பாவைக் கொன்ன அம்மாவைப் பழிவாங்க மறைஞ்சு வந்திருக்கறவன் ஒரெஸ்டஸ், அவன் செத்துட்டான்னு பொய்ச் செய்தி வந்திருக்கு, அவ நம்பி அழுதுகிட்டு மேடைக்கு வர்றா. ராஜகுமாரன், வீரன்னு எதுவும் சொல்லல. அம்மா வயித்துலேர்ந்து நேரா என் கையில வாங்கி வளர்த்தவன்ங்கறா, ராத்திரி ராத்திரி கத்தி எழுப்பிவிட்டதைச் சொல்றா. துணியில சுத்தின குழந்தைக்குப் பேசத் தெரியாது, பசியா தாகமா மூத்திரம் வருதான்னு சொல்லாது, அறிவு வராத ஜீவனை ஒரு கன்னுக்குட்டிய வளர்க்கற மாதிரிதான் வளர்க்கணும், சின்னக் குழந்தைங்க வயிறு யார் பேச்சும் கேக்காதுங்கறா. எப்போ வரும்னு நானே குறி சொல்லிப் பார்ப்பேன், பல தடவை தப்பிடும், அப்புறம் துணி துவைக்கணும், தாதியும் நாந்தான் வண்ணாத்தியும் நாந்தான்னு சொல்றா. கிரேக்கத் துயர நாடகங்கள்ல எனக்குத் தெரிஞ்சு இப்படி ஒரு பேச்சு வேற எங்கயும் இல்லை, கொலையும் பழியும் சாபமுமா போய்க்கிட்டிருக்கற கதைக்கு நடுவுல பீத்துணி. அவ பேச்சுல "வளர்க்கணும்"னு வர்றது ட்ரெஃபேய்ன், "வளர்த்தேன்"னு வர்றது எக்ஸெத்ரெப்ஸா, அதாவது எபேசியர்ல வர்ற அதே எக்ட்ரெஃபோ.

இதுக்கு ஒரு நூத்தம்பது வரி தள்ளி, ஒரெஸ்டஸ் கத்தியோட நிக்கறான், அவனைப் பெத்த கிளைட்டெம்னெஸ்ட்ரா மாரைக் காட்டி, தூங்கிக்கிட்டே ஈறால கவ்விக் குடிச்சியே இந்தப் பாலைன்னு கெஞ்சறா, அப்புறம் சொல்றா: "நான் உன்னை வளர்த்தேன், உன்கூடவே கிழவியாகணும்னு ஆசைப்படறேன்." அங்கயும் எத்ரெப்ஸா. ஆனா நாடகம் பார்க்க உக்காந்திருக்கறவங்க யாரு நிஜமா வளர்த்தாங்கன்னு இப்பத்தான் தாதி வாயால கேட்டிருக்காங்க. ஒரே வினைய ரெண்டு பொம்பளைங்க வாயில வெச்சு ஈஸ்கிலஸ் செய்யற வேலை இது, யாரும் எதையும் விளக்கிச் சொல்றதில்லை. மூணாவது நாடகத்துல தாயைக் கொன்னதுக்காக ஒரெஸ்டஸ் மேல விசாரணை நடக்கறப்போ, அவன் பக்கம் நிக்கற அப்பல்லோ கடவுள், தாய்ங்கறவ பெத்தவளே கிடையாது, விதைச்ச விதைக்கு வெறும் ட்ரோஃபோஸ்தான்னு வாதாடறார். வளர்க்கறதைக் கீழ இறக்கறதுக்காக அந்தச் சொல்லை எடுக்கறார். நீங்க கிரேக்கர்களோட சட்டத்தையும் பழக்கத்தையும் பார்த்தீங்கன்னா அது நேரெதிரா இருக்கு, வளர்த்ததுதான் அங்க பெரிய பந்தம், பெரிய கடன்.

கடன்னு சும்மா சொல்லல. த்ரெப்ட்ரான்னு ஒரு சொல்லே இருக்கு, வளர்த்ததுக்குப் பிள்ளை திருப்பிக் கொடுக்கவேண்டியது. இலியத் 4-ல சிமோயிசியஸ்னு ஒரு சின்னப் பையன், கல்யாணம் ஆகாதவன், அவங்கம்மா ஆடு பார்க்கத் தன் பெத்தவங்களோட ஈடா மலைக்குப் போயிட்டு இறங்கி வர்றப்போ சிமோயிஸ் ஆத்தங்கரையில பொறந்தவன், அதனால அந்தப் பேரு. அஜாக்ஸோட ஈட்டி வலது மார்புல பாஞ்சு சாயறான், அங்க ஹோமர் ஒரு வரி சொல்றார், அவன் பெத்தவங்களுக்கு த்ரெப்ட்ராவைத் திருப்பிக் கொடுக்கலன்னு. கதையில வந்தவுடனே செத்துப்போற ஒரு பையனுக்கு ஊரு, ஆறு, அம்மா, அடைக்காத கடன் எல்லாம் உண்டு. இன்னொரு பழைய கவிஞர் ஹெசியட் இதே கடனை வேற மாதிரி பார்க்கறார், இரும்புக் காலத்து மனுஷங்க எவ்வளவு கெட்டவங்கன்னு பட்டியல் போடறப்போ, வயசான பெத்தவங்களுக்கு வளர்த்த கடனைத் தரமாட்டாங்கங்கறதும் அதுல ஒண்ணு.

இந்த வினைய ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போடலாம்ங்கறதுதான் எனக்கு இதுல ரொம்ப அழகா படுது. கிமு 414-ல அரங்கேறின அரிஸ்டோஃபனீஸோட பறவைகள் நாடகத்துல அப்பனை அடிக்க ஆசைப்படற ஒரு பையன் பறவை நாட்டுக்கு வந்து சேர்றான், இங்க அதெல்லாம் செய்யலாம்னு நினைச்சுட்டு. அவன்கிட்ட நாரைகளோட பழைய சட்டம் ஒண்ணு இருக்குன்னு சொல்றாங்க: அப்பா நாரை குஞ்சுகள ட்ரெஃபோ செஞ்சு பறக்க விட்டதுக்கு அப்புறம், குஞ்சுகள் திரும்ப அப்பாவை ட்ரெஃபோ செய்யணும். ஏதென்ஸோட நிஜச் சட்டமும் இதுதான். வயசான பெத்தவங்களைப் பார்த்துக்காதவன் மேல வழக்குப் போடலாம், ஆர்கான்ங்கற உயர் அதிகாரி பதவிக்கு வர்றவனை விசாரிக்கறப்போ பெத்தவங்களை நல்லா பார்த்துக்கறியான்னு கேப்பாங்கன்னு அரிஸ்டாட்டில் பேர்ல இருக்கற ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் சொல்லுது. ஆனா கண்ணை மூடிக்கிட்டு எல்லா அப்பாவுக்கும் அந்த உரிமை கிடையாது, பையனுக்கு ஒரு தொழில் கத்துக்கொடுக்காத அப்பாவை அந்தப் பையன் ட்ரெஃபோ செய்யக் கட்டாயமில்லைன்னு ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலன் சட்டம் போட்டதா புளூட்டார்க் எழுதியிருக்கார். வளர்ப்பை அரைகுறையா விட்டவன் முழுக் கடனைக் கேக்க முடியாது. நியாயமான சட்டம்னு நினைக்கறேன்.

சாக்ரடீஸ் தன் மூத்த பையன் லாம்ப்ரொக்லீஸ்கிட்ட பேசறதை ஜெனஃபோன் எழுதி வெச்சிருக்கார். அம்மா கோபக்காரி, தாங்க முடியலன்னு பையன் புலம்பறான். அதுக்கு அவர், பதிலுக்கு எதையும் முன்கூட்டி வாங்காம, தனக்கு யாரு நல்லது செய்யறாங்கன்னே தெரியாத, என்ன வேணும்னு காட்டக்கூட முடியாத ஒரு குழந்தைக்கு என்ன பிடிக்கும்னு அவளா ஊகிச்சு ஊகிச்சு, ராத்திரி பகல்னு பார்க்காம வளர்த்தாளே, அதுக்கு என்ன நன்றி கிடைக்கும்னு தெரியாமலேன்னு சொல்றார். கிலிஸ்ஸா சொன்னதைத்தான் தத்துவஞானியும் சொல்றார் பாருங்க, ஊகிக்கறதுதான் அங்க வேலை.

வளர்க்கறது வீட்டோட நிக்கறதும் இல்ல. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலப்பனீசியப் போரோட முதல் வருஷம் செத்தவங்களுக்காக ஏதென்ஸ் தலைவர் பெரிக்லீஸ் பேசின பேச்சோட கடைசியில, இவங்க பிள்ளைகள வயசுக்கு வர்ற வரைக்கும் பொதுச் செலவுல நகரம் வளர்க்கும்னு அறிவிக்கறார், அதை எழுதி வெச்ச வரலாற்று ஆசிரியர் துசிடிடீஸ் அங்க போட்டிருக்கற வினை த்ரெப்ஸேய். அப்படி வளர்ந்த பசங்க பெரியவங்களானதும் டயோனிசஸ் விழாவுல தியேட்டர்ல முழுப் போர்க்கவசத்தோட ஜனங்க முன்னாடி நிப்பாங்க.

"பெத்து வளர்த்த"ன்னு நாம ஒரே மூச்சுல சொல்ற ரெண்டு வினையும் தனித்தனியா உடையற இடமும் கிரேக்கத்துல உண்டு. சோஃபக்ளீஸோட ஈடிபஸ், கொரிந்து ராஜா பாலிபஸை "என்னைப் பெத்து, வளர்த்தவர்"ன்னு சொல்றான். பெத்தார்ங்கறது பொய், அவனுக்கு அது தெரியாது. வளர்த்தார்ங்கறது நூத்துக்கு நூறு நிஜம். அந்த நாடகமே இந்த ரெண்டு வினைக்கும் நடுவுல இருக்கற இடைவெளியிலதான் நடக்குது.

ஈடிபஸ் மாதிரி வெளிய போடப்பட்ட குழந்தைங்க கதையில மட்டும் இல்ல. கிரேக்க, ரோம ஊர்கள்ல வேண்டாத குழந்தையத் தெருவுல போட்டுடறது நிஜமா நடந்தது, எடுத்து வளர்த்தவங்க வீட்டுல அந்தப் பிள்ளைக்கு த்ரெப்டோஸ்னு பேரு, வளர்க்கப்பட்டவன்னு அர்த்தம். இன்னைக்கு துருக்கியில இருக்கற ஃபிரிஜியா, லிடியா பகுதிக் கல்லறைக் கல்வெட்டுகள்ல இந்தச் சொல் நிறைய கிடைக்குது, வளர்த்தவங்க த்ரெப்டோஸுக்கும் த்ரெப்டோஸ் வளர்த்தவங்களுக்கும் கல்லு நட்டிருக்காங்க. பாசம் இருந்த வீடும் உண்டு, தூக்கிட்டு வந்த பிள்ளைய அடிமையாவே வேலை வாங்கின வீடும் உண்டு, சொல் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

இதனால வந்த சிக்கல் பேரரசர் வரைக்கும் போச்சு. பித்தினியா மாகாணத்தை ஆண்ட இளைய பிளினி, 110-ஐ ஒட்டின வருஷங்கள்ல ட்ராஜனுக்கு எழுதின லத்தீன் கடிதத்துல, இங்க த்ரெப்டோய்னு சொல்றவங்களோட நிலைமை என்ன, வளர்த்த செலவை என்ன செய்யறதுன்னு கேக்கறார், அந்த ஒரு சொல்லை மட்டும் கிரேக்கத்துலயே விட்டுட்டார். கேள்வி ரொம்ப நிஜமான கேள்வி: சுதந்திரமா பொறந்து, தெருவுல போடப்பட்டு, அடிமையா வளர்ந்த ஒருத்தன் பெரியவனாகி "நான் சுதந்திரமானவன்"னு வந்து நின்னா, வளர்த்தவன் "இத்தனை வருஷம் போட்ட சோத்துக்குக் காசு வெச்சுட்டுப் போ"ன்னு கேக்கலாமா? பழைய பேரரசர்கள் எல்லா மாகாணத்துக்கும் பொதுவா இப்படி ஒரு விதி வைக்கலன்னு ட்ராஜன் பதில் எழுதறார், அப்புறம் தன் முடிவைச் சொல்றார்: அந்தக் காரணத்தைக் காட்டி விடுதலை கேக்கறவங்களுக்கு அதை மறுக்கக் கூடாது, வளர்த்த செலவைக் கட்டித்தான் அந்த விடுதலைய வாங்கணும்ங்கறதும் கிடையாது.